இரண்டு மணி நேரத்தில் ஒரு நாகரிகமா?



கரிபியக் கடலில் ஓடும் உல்லாசக் கப்பல்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கப்பல்கள் என்பதைவிட மிதக்கும் நகரங்கள் என்றே சொல்லலாம். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் முதற் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பலில் 7,600 பயணிகள் வரை ஏறலாம். பணியாளர்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். இத்தகைய கப்பல்கள் மெக்சிகோ நாட்டின் யுகடான் தீபகற்பத்தை ஒட்டியுள்ள கோசுமேல் தீவில் காலையில் வந்து நிற்கும், மாலையில் புறப்பட்டுவிடும். அந்தப் பகற்பொழுதுக்குள் பயணிகள் கரையிறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கப்பல் யாருக்காகவும் காத்திராது.

கரையிறங்கியவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? சிலர் கடலில் நீந்துகிறார்கள், சிலர் கடைகளுக்குப் போகிறார்கள். பலர் மாயா மக்களின் பழைய நகரம் ஒன்றைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். கோசுமேலிலிருந்து துலூம் நகருக்குப் போவதானால் முதலில் படகில் சுமார் முக்கால் மணி நேரம், பிறகு பேருந்தில் சுமார் ஒரு மணி நேரம். திரும்பவும் அவ்வளவு நேரம் வேண்டும். வரிசைகளில் நிற்பதையும் கழித்துவிட்டால், இடிபாடுகளுக்கு நடுவே நிற்கக் கிடைப்பது ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம்தான். அதிலும் பாதி நேரம் புகைப்படம் எடுப்பதில் போய்விடும்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த ஒரு நாகரிகத்தை இரண்டு மணி நேரத்தில் பார்க்க முடியுமா? 'முடியாது, இது வீண் வேலை' என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு மணி நேரம் குறைவுதான். ஆனால் அது குற்றமல்ல. அந்த நேரத்தில் காதில் விழும் கட்டுக்கதைகளை உண்மையென்று நம்பிக்கொண்டு ஊர் திரும்புவதுதான் குற்றம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

மறைந்துபோன மக்களா?

மாயா நகரங்களைப் பற்றிய சுற்றுலா விளம்பரங்களில் தவறாமல் வரும் ஒரு வாக்கியம் உண்டு. 'இந்த மாபெரும் நகரங்களைக் கட்டிய மக்கள் ஒரு நாள் மர்மமாக மறைந்துபோனார்கள்' என்பதே அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையல்ல.

நடந்தது இதுதான். இன்றைய குவாதமாலா, பெலீஸ், தென் மெக்சிகோ ஆகிய பகுதிகளின் காட்டுச் சமவெளியில் கி.பி. 250 முதல் 900 வரை பெருநகரங்கள் பல செழித்திருந்தன. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் அவற்றில் பல ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. ஏன்? அரசுகளுக்கிடையே ஓயாத போர் நடந்ததைக் கல்வெட்டுகளே சொல்கின்றன. மற்றொரு காரணத்தை 1995-ல் ஹோடெல் என்ற விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் யுகடானிலுள்ள சிச்சங்கனாப் ஏரியின் அடியிலிருந்து எடுத்தார்கள். ஆம், ஏரியின் அடிச் சேற்றிலிருந்துதான்! நீர் வற்றும்போது ஏரியில் ஜிப்சம் படிகிறது. கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சேற்றடுக்குகளில் ஜிப்சம் மிகுந்திருந்தது. கடும் வறட்சி நிலவியது என்பதற்கு அது சாட்சி. அதே ஏரியின் ஜிப்சத்தில் அடைபட்டிருந்த நீரை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு, அக்காலத்தில் மழை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது என்று கணக்கிட்டது.

நகரங்கள் காலியாயின, மக்கள் மறையவில்லை. வடக்கே வேறு நகரங்கள் எழுந்தன. கப்பல் பயணிகள் பார்க்கும் துலூம் 13-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை செழித்த துறைமுக நகரம். கொலம்பஸ் தம் கடைசிப் பயணத்தில், 1502-ஆம் ஆண்டில், ஹோண்டுராஸ் கடற்கரைக்கு அப்பால் பெரிய வாணிகப் படகு ஒன்றைச் சந்தித்தார். அதில் பருத்தித் துணிகள், செப்புக் கோடரிகள், கொக்கோ விதைகள் எல்லாம் இருந்தன. மாயாக் கடற்கரைகளை இணைத்த வாணிகத்தின் ஒரு துளி அது. மாயா அரசுகளில் கடைசியானது ஸ்பானியரிடம் வீழ்ந்தது 1697-ல்தான்.

இன்றும் பல லட்சக் கணக்கான மாயா மக்கள் வாழ்கிறார்கள். சுமார் 30 மாயா மொழிகள் பேசப்படுகின்றன. 1992-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரிகோபெர்த்தா மெஞ்சு, குவாதமாலாவின் கிச்சே மாயா பெண்மணி.

இதற்கு அண்மையில் கிடைத்த சான்று ஒன்றையும் கேளுங்கள். சிச்சேன் இட்சா நகரில் 1967-ல் நிலத்தடித் தொட்டி ஒன்றிலிருந்து பல குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. அவர்களில் 64 பேரின் மரபணுக்களை ஆராய்ந்த முடிவு 2024-ல் வெளியாயிற்று. அனைவரும் ஆண் குழந்தைகள், நெருங்கிய உறவினர் பலர், இரட்டையரும் உண்டு. பலியிடப்பட்டவர்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். துயரமான செய்திதான். ஆனால் அந்த ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. இன்று அதே வட்டாரத்தில் வாழும் மாயா கிராமத்தினரின் மரபணுக்கள் அக்குழந்தைகளின் மரபணுக்களோடு ஒத்திருந்தன. மறைந்துபோனதாகச் சொல்லப்படும் மக்களின் வழிவந்தவர்கள் பக்கத்துக் கிராமத்திலேயே இருக்கிறார்கள்!

கோயிலுக்கு வெளியே கைவினைப் பொருள் விற்கும் அம்மா தம் பேரனிடம் மாயா மொழியில் பேசிக்கொண்டிருப்பார். உள்ளே வழிகாட்டி 'மாயாக்கள் மறைந்துவிட்டார்கள்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். இதைவிட வேடிக்கையும் வேதனையும் வேறு உண்டா? ஒரு மக்கள் கூட்டத்தைப் பார்த்து 'நீங்கள் இல்லை' என்று சொல்வது சிறிய தவறல்ல. இல்லாதவர்களுக்கு நிலத்தில் உரிமை கிடையாது. தம் முன்னோரின் கோயிலைப் பற்றிப் பேசவும் அவர்களை யாரும் அழைக்க மாட்டார்கள்.

ஒரு சுண்ணாம்புக் கல்லின் கதை

மர்மம் என்ற சொல்லைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் எவ்வளவு அறிவியல் கிடக்கிறது தெரியுமா? காலடியில் கிடக்கும் கல்லிலிருந்தே தொடங்கலாம்.

யுகடான் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பெய்யும் மழைநீர் மெல்லிய அமிலமாகிறது. அது பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. அதனால் தீபகற்பத்தின் வடபகுதியில் தரைமேல் ஆறுகளே இல்லை. நீரெல்லாம் நிலத்தடிக் குகைகளில் ஓடுகிறது. குகையின் கூரை இடிந்து விழும் இடத்தில் இயற்கைக் கிணறு ஒன்று திறக்கிறது. இதற்குச் 'செனோத்தே' என்று பெயர். மாயா மொழியிலிருந்து ஸ்பானிய மொழிக்குப் போன சொல். நகரங்கள் இக்கிணறுகளை ஒட்டி அமைந்ததில் வியப்பில்லை.

இக்கிணறுகளில் பல ஒரு பெரிய வளைவில் வரிசையாக அமைந்துள்ளன. ஏன்? 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் அங்கே மோதியது. டைனோசர்களின் முடிவுக்குக் காரணம் என்று கருதப்படும் அதே மோதல்தான். சுமார் 180 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பள்ளம் பின்னர் சுண்ணாம்புப் படிவுகளால் மூடப்பட்டது. பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே செனோத்தேக்கள் தோன்றின. உல்லாசக் கப்பல்கள் நிற்கும் புரோகிரேசோ துறைமுகம் அந்தப் பள்ளத்தின் உள்ளேயே இருக்கிறது. அங்கே இறங்குவோரில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

கட்டடத்தைப் பாருங்கள். மாயாக்களிடம் இரும்புக் கருவி இல்லை. வண்டி இழுக்கும் மாடோ குதிரையோ இல்லை. கருங்கற்களைவிட மென்மையான சுண்ணாம்புக் கல்லைக் கடினமான கற்கருவிகளால் செதுக்கினார்கள். அதே கல்லை விறகடுக்கி எரித்தார்கள். சுமார் 900 டிகிரி வெப்பத்தில் அது கரியமில வாயுவை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது. நீர் ஊற்றினால் நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசினால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் வாங்கிக்கொண்டு கல்லாகிறது. உங்கள் வேதியியல் புத்தகத்திலுள்ள மூன்று சமன்பாடுகள் அங்கே சுவராக நிற்கின்றன!

அந்தச் சுண்ணாம்பு சமையலறைக்கும் சென்றது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பது அவர்கள் வழக்கம். இதனால் தானியத்தில் அடைபட்டிருக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடலுக்குக் கிடைக்கிறது. மக்காச்சோளத்தை மட்டும் வாங்கிச் சென்று இந்தச் செய்முறையை விட்டுவிட்ட ஐரோப்பிய ஏழைகள் பெலக்ரா என்ற நோயால் வாடினார்கள். பயணிகள் மதிய உணவில் உண்ணும் தோர்த்தியா ரொட்டியிலும் அந்தப் பழைய அறிவு இருக்கிறது.

படிகளை எண்ணுங்கள்

சிச்சேன் இட்சாவிலுள்ள குக்குல்கான் பிரமிடுக்கு நான்கு பக்கமும் படிவரிசைகள். பக்கத்துக்கு 91 படிகள். 91-ஐ 4-ஆல் பெருக்குங்கள்: 364. உச்சி மேடையையும் ஒரு படியாகச் சேர்த்தால் 365. ஓர் ஆண்டின் நாட்கள்!

இந்த 365-ஐ மாயா நாட்கணக்கில் எழுதிப் பார்ப்போமா? புள்ளி என்றால் 1. கோடு என்றால் 5. சிப்பி போன்ற குறி என்றால் சுழி. எண்களைக் கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும். கீழ்த்தட்டு ஒன்றின் இடம். அதற்கு மேல் 20-இன் இடம். அதற்கும் மேல் 360-இன் இடம். 365 என்பது ஒரு 360, சுழி 20, ஐந்து 1. ஆகவே மேலே ஒரு புள்ளி, நடுவே ஒரு சிப்பி, கீழே ஒரு கோடு. அவ்வளவுதான்! நடுவிலுள்ள சிப்பியை எடுத்துவிட்டால் அதே குறிகள் 25 என்று படிக்கப்படும். இடமதிப்புக்குச் சுழி ஏன் தேவை என்பது இப்போது விளங்குகிறதல்லவா? பழைய உலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமலே அவர்கள் சுழியைக் கண்டுபிடித்தார்கள்.

வானத்தையும் அவர்கள் எண்ணினார்கள். வெள்ளிக் கோள் விடிவெள்ளியாகத் தோன்றி, மறைந்து, மீண்டும் விடிவெள்ளியாகத் தோன்றச் சராசரியாக 583.92 நாட்கள் ஆகும். மாயாக்கள் அதை 584 என்று கொண்டார்கள். 584-ஐ 5-ஆல் பெருக்கினால் 2,920. 365-ஐ 8-ஆல் பெருக்கினாலும் 2,920! எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளியும் ஆண்டுக் கணக்கும் ஒத்துப்போகின்றன. இந்த அட்டவணை, இன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர நூலகத்திலுள்ள மாயா சுவடியில் இருக்கிறது. அத்தகைய சுவடிகளில் எஞ்சியவை உலகிலேயே நான்குதான். பலவற்றை 1562-ல் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் தீயிட்டார்.

கைதட்டினால் குயில் கூவுமா?

அதே பிரமிடின் முன்னால் வழிகாட்டிகள் ஒரு வேடிக்கை காட்டுவார்கள். படிகளுக்கு எதிரே நின்று கைதட்டினால் எதிரொலி பறவையின் கீச்சொலி போல் திரும்பி வரும். 'கெட்சால் பறவையின் குரல் கேட்கவே மாயாக்கள் இப்படிக் கட்டினார்கள்' என்பார்கள். டேவிட் லூப்மன் என்ற ஒலியியல் அறிஞர் 1998-ல் இக்கருத்தை எடுத்துச் சொன்னார்.

ஒலியின் காரணம் எளிது. கைதட்டும் ஓசை ஒவ்வொரு படியிலும் பட்டுத் தனித்தனியாகத் திரும்புகிறது. அருகிலுள்ள கீழ்ப்படிகளின் எதிரொலிகள் நெருக்கமாக வருகின்றன. மேல்படிகளின் எதிரொலிகள் இடைவெளி விட்டு வருகின்றன. எனவே ஒலி உயர்ந்த சுருதியில் தொடங்கித் தாழ்ந்து முடிகிறது. இது இயற்பியல். ஆனால் கட்டியவர்கள் இதை எண்ணியே கட்டினார்களா? அது வேறு கேள்வி. செங்குத்தான நீண்ட படிவரிசை எங்கே இருந்தாலும் இப்படி ஓர் ஒலி வரக்கூடும். ஒலி வருகிறது என்பது உண்மை. அதற்காகவே கட்டினார்கள் என்பது ஊகம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதே அறிவியல். இரண்டு மணி நேரச் சுற்றுலாவில் முதலில் பலியாவது இந்த வேறுபாடுதான்.

ஊகமாவது பரவாயில்லை. கலப்படமற்ற பொய்களும் விற்பனையாகின்றன. பலெங்கே நகரில் 1952-ல் அல்பெர்த்தோ ரூஸ் என்ற தொல்பொருள் அறிஞர், பாக்கால் என்ற அரசனின் கல்லறையைக் கண்டார். கி.பி. 615 முதல் 683 வரை ஆண்டவன் அவன். கல்லறை மூடியிலுள்ள சிற்பத்தை, 1968-ல் வெளியான தம் நூலில் எரிக் ஃபான் டானிக்கன் விண்வெளிக் கலம் ஓட்டுபவன் என்று எழுதிவிட்டார். இறந்த அரசனையும் உலக மரத்தையும் காட்டும் சிற்பம் அது என்பதை மாயா எழுத்துகளும் மற்றச் சிற்பங்களும் தெளிவாக்குகின்றன. 2012 டிசம்பர் 21-ல் உலகம் அழியும் என்ற பீதியும் இப்படி வந்ததுதான். மாயாக்களின் நீண்ட கணக்கில் 18,72,000 நாட்கள் கொண்ட ஒரு சுற்று அன்று முடிந்தது. நம் வீட்டு நாட்காட்டி டிசம்பர் 31-ல் முடிவது போலத்தான். மறுநாளும் சூரியன் உதித்தது.

நம்மவர்களிடமும் ஒரு கதை உலவுகிறது. நம் இலக்கியங்களில் வரும் தெய்வத் தச்சன் மயனே மாயாக்களின் மூதாதை என்பது அது. 'மாயா' என்பது யுகடானிலிருந்த மாயாபான் என்ற நகரின் பெயரோடு தொடர்புடைய சொல். அம்மக்கள் அனைவரும் பழங்காலத்தில் தங்களை அப்பெயரால் அழைத்துக்கொள்ளவும் இல்லை. உறவு இருந்திருந்தால் நெல்லும் இரும்பும் மாடும் அங்கே போயிருக்க வேண்டாமா? மிளகாயும் மக்காச்சோளமும் அப்போதே இங்கே வந்திருக்க வேண்டாமா? மிளகாய் இங்கே வந்தது போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான். ஒலி ஒற்றுமை சான்றாகாது. பிறருடைய சாதனையை விண்வெளி மனிதருக்குக் கொடுப்பது எப்படித் தவறோ, அதை நமக்கு எடுத்துக்கொள்வதும் அப்படியே தவறு.

ஏற விடலாமா?

'இவ்வளவு தூரம் வந்தும் ஏற விடவில்லையே!' என்று பயணிகள் பலர் குறைப்படுகிறார்கள். குக்குல்கான் பிரமிடில் 2006-ல் ஒரு பெண்மணி விழுந்து இறந்தபின் ஏறுவது தடை செய்யப்பட்டது. துலூமிலும் கயிறு கட்டியிருக்கிறார்கள். பெலீஸ் நாட்டில் சில இடங்களில் ஏறலாம்.

தடை சரியே என்பது என் கருத்து. ஒரு கணக்குப் போடுங்கள். சிச்சேன் இட்சாவுக்கு 2023-ல் இருபது லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அத்தனை பேரும் ஒரே படிவரிசையில் ஏறி இறங்கினால் ஒவ்வொரு படிக்கும் ஆண்டில் 40 லட்சம் மிதிகள்! மென்மையான சுண்ணாம்புக் கல் எத்தனை ஆண்டு தாங்கும்? தேய்ந்த படியை மாற்றிவிடலாம் என்பீர்கள். மாற்றினால் அது புதிய படி. உளியின் தடமும், சாந்தின் கலவையும், பூச்சின் வண்ணமும் போய்விடும். அவையெல்லாம் சான்றுகள். நாளை வரும் ஆராய்ச்சியாளர் இன்று இல்லாத கருவியோடு வருவார். 2018-ல் விமானத்திலிருந்து லேசர் கதிர்களைச் செலுத்தி, வட குவாதமாலாவில் 2,100 சதுரக் கிலோமீட்டர் காட்டுக்கடியில் 60,000-க்கு மேற்பட்ட கட்டுமானங்களைக் கண்டார்கள். இருபதாண்டுக்கு முன் இதை யார் எதிர்பார்த்தார்கள்? சான்றை மிதித்து அழித்துவிட்டால் எந்தக் கருவி வந்தும் பயனில்லை.

கப்பல்களைத் தடுத்துவிடலாமா?

அப்படியானால் பயணிகளையே தடுத்துவிட்டால் என்ன? இதற்குப் பெலீஸ் நாட்டின் இரண்டு இடங்கள் பதில் சொல்கின்றன.

பெலீஸ் நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் அல்துன் ஹா இருக்கிறது. கப்பல் பயணிகள் நிறைய வரும் இடம். 1968-ல் டேவிட் பெண்டர்காஸ்ட் என்பவர் அங்கே ஒரு கல்லறையில் 4.42 கிலோகிராம் எடையுள்ள பச்சை மணிக்கல் தலைச் சிற்பத்தைக் கண்டெடுத்தார். இன்று அது நாட்டின் பெருமை. அந்த இடத்துக்குக் காவல் உண்டு, வேலி உண்டு, பராமரிப்பு உண்டு.

அதே நாட்டின் வடக்கே நோமுல் என்ற இடத்தில் ஒரு பிரமிடு இருந்தது. வயது சுமார் 2,300 ஆண்டுகள். அதைப் பார்க்கப் பயணிகள் கூட்டம் வந்ததில்லை. 2013 மே மாதத்தில், சாலைக்குக் கல் போடுவதற்காக மண்வாரி இயந்திரத்தால் அதைத் தோண்டித் தள்ளிவிட்டார்கள். சட்டப்படி அது குற்றந்தான். ஆனால் இடித்தபின் சட்டம் பிரமிடைத் திருப்பிக் கொடுக்குமா?

யாரும் பாராத இடம் எளிதில் அழிகிறது. அளவுக்கு மீறிப் பார்க்கப்படும் இடம் மெல்ல அழிகிறது. ஆகவே தடை தீர்வல்ல, அளவே தீர்வு. ஒரே காலையில் மூன்று கப்பல்களின் கூட்டத்தை ஒரே இடத்தில் இறக்கக் கூடாது. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அகழாய்வுக்கும், ஒரு பங்கு பக்கத்துக் கிராமங்களின் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போக வேண்டும். பயணிகள் உண்பதும் உறங்குவதும் கப்பலிலேயே. இறங்கும் ஊருக்குக் கிடைப்பது அந்தச் சில மணி நேரச் செலவு மட்டுமே. வழிகாட்டும் வேலையில் மாயா இளைஞர்களுக்கு முதலிடம் தரவேண்டும். தம் பாட்டியின் மொழியிலேயே அந்த ஊரின் பெயரை விளக்கக்கூடியவர், மறைந்துபோன மக்களைப் பற்றிக் கதை சொல்ல மாட்டார்!

நேரில் பாராமல் படித்தவர்

'நாங்கள் எங்கே உல்லாசக் கப்பலில் போகப் போகிறோம்?' என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்காகவே ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

மாயா எழுத்துகளை நெடுங்காலம் யாராலும் படிக்க முடியவில்லை. அவை வெறும் சித்திரக் குறிகள், ஒலியைக் குறிப்பவை அல்ல என்றே பேரறிஞர்களும் நம்பினார்கள். 1952-ல் சோவியத் நாட்டின் லெனின்கிராடு நகரில் யூரி குனோரசோவ் என்ற 29 வயது இளைஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். சுவடிகளை எரித்த அதே லாந்தா பாதிரியார் எழுதிவைத்த 'மாயா அகரவரிசை' ஒன்று இருந்தது. அது தவறானது என்று பலர் ஒதுக்கியிருந்தார்கள். குனோரசோவ் அதை வேறு விதமாகப் பார்த்தார். அவை தனி எழுத்துகளல்ல. நம் உயிர்மெய் எழுத்துகளைப் போல மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகள் என்றார்.

சோதித்தும் காட்டினார். சுவடியில் வான்கோழியின் படத்துக்கு மேலே இரண்டு குறிகள். முதலாவது லாந்தாவின் பட்டியலில் உள்ள 'கு'. மாயா மொழியில் வான்கோழிக்குக் 'குட்ஸ்' என்று பெயர். ஆகவே இரண்டாவது குறி 'ட்ஸு' ஆக வேண்டும். நாயின் படத்துக்கு மேலே பாருங்கள்: அதே 'ட்ஸு', அடுத்து லாந்தாவின் 'லு'. மாயா மொழியில் நாய்க்கு ஒரு பெயர் 'ட்ஸுல்'. ஒரு குறியைக் கொண்டு ஊகித்தது மற்றோர் இடத்தில் சரியாகப் பொருந்தியது! 1960-ல் தத்தியானா புரோஸ்குரியாக்கோவ் என்ற அம்மையார், கல்வெட்டுகளிலுள்ள தேதிகள் அரசர்களின் பிறப்பையும் முடிசூடலையும் குறிப்பவை என்று காட்டினார். ஊமையாக நின்ற கற்கள் அரசர்களின் பெயர் சொல்லிப் பேசத் தொடங்கின.

இதில் நாம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. குனோரசோவ் மாயா நாட்டில் முதன்முதலாகக் கால் வைத்தது 1990-ல்தான். கட்டுரை எழுதி 38 ஆண்டுகள் கழித்து! லட்சக் கணக்கானவர்கள் கல்வெட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளாமலே திரும்பினார்கள். ஆயிரக் கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், நூலகத்தில் இருந்த ஒருவர் அதைப் படித்தார். மற்றொன்றும் கவனியுங்கள். அவருக்குச் சாவி கொடுத்தது வாழும் மாயா மொழி. அம்மக்கள் உண்மையிலேயே மறைந்து, அவர்களின் மொழியும் அழிந்திருந்தால், 'குட்ஸ்' என்பது வான்கோழி என்று யார் சொல்லியிருப்பார்கள்?

ஆகவே நண்பர்களே, எந்த நாட்டில் எந்தப் பழைய இடத்தின் முன் நிற்க நேர்ந்தாலும் நான்கு கேள்விகளைக் கையோடு கொண்டு போங்கள். இதைக் கட்டியவர்களின் வழிவந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? இது எதனால் கட்டப்பட்டது, அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது? இதைக் காக்கும் செலவை யார் ஏற்கிறார்கள்? எனக்குச் சொல்லப்படும் செய்தியில் எது சான்று, எது ஊகம்? இந்த நான்கையும் கேட்க இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும். கேளாதவருக்கு இரண்டு மாதம் தங்கினாலும் அது கற்குவியல்தான்.

விடுமுறையில் நூலகத்துக்குப் போனால் மாயா எண்களைத் தேடி எடுத்து உங்கள் பிறந்த ஆண்டை அந்த முறையில் எழுதிப் பாருங்கள். சிப்பி எந்தத் தட்டில் வருகிறது, அல்லது வரவே இல்லையா என்று பார்த்து நண்பருக்குச் சொல்லுங்கள்.